விரும்பி வந்தவள்

மனவருடி மையத்தின் வாசலில் காலையிலேயே தரகர்கள் மொய்த்தார்கள். “ஒரு மாசம் பயிற்சி, கண்டிப்பா பாஸ்!” என்று ஆளாளுக்குக் கூவல். எல்லாப் பரீட்சைக்கும் டியூஷன் வைத்த ஊர், மனசுக்கு மட்டும் வைக்காமல் விடுமா? உலகம்மை அவர்களைத் திரும்பியும் பாராமல், ஜெசிந்தாவின் சக்கர நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

தூத்துக்குடியில் இப்போது பெண்ணும் பெண்ணும் கட்டிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, இருவருக்கும் அது பிறவி இயல்பாக இருக்க வேண்டும். தலைக்கவசம் மாட்டி மூளைக்குள் தேடிப் பார்த்து அதைச் சொல்வதுதான் மனவருடி. ஆணும் பெண்ணும் வந்தால் கவசம் கிடையாது. மாலையோடு நேரே பதிவறைக்குப் போகலாம்.

திங்கட்கிழமை ஜெசிந்தாவுக்கு இதய அறுவை சிகிச்சை. சட்டப்படியான துணையோ ரத்த உறவோ பொறுப்பேற்றால்தான் மருத்துவமனை அவளைத் தொடும். பொறுப்பேற்றவர் வீட்டில்தான் அவள் பிறகு இருக்க வேண்டும் என்பது விதி. அவள் அண்ணன் தயாராக இருந்தான். ஆனால் உலகம்மை தன் வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டான்.

இருவருக்கும் கவசம் மாட்டி எடுத்ததும் திரை ஒளிர்ந்தது. அதிகாரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள்.

“ஜெசிந்தாவுக்குப் பிறவியிலேயே இருக்கு. உங்களுக்கு இல்லம்மா. உங்க மனசு ஆம்பளையத்தான் தேடும்னு காட்டுது. இவங்க ஒருத்தர்கிட்ட மட்டும் நீங்களா விரும்பி வந்திருக்கீங்க. அதுக்குச் சட்டத்துல இடமில்ல.”

உலகம்மை மேசையில் கையூன்றிக் குனிந்தாள். “வேற வழியில்லாம வந்தா கட்டிக்கலாம். வழி இருந்தும் இவதான் வேணும்னு வந்தா கூடாதா? உங்க வீட்டுக்காரர் என்ன, பிறவியிலேயே உங்களத்தான் தேடுனாரா?”

அதிகாரி திரையை அணைத்தாள். பாவம், அவள்தான் என்ன செய்வாள்!

ஜெசிந்தா பிடித்திருந்த கையை விட்டாள். “ஏட்டி, அப்போ நெனச்சா நீ போயிரலாம், என்ன?”

ஐயோ, இந்தப் பாழாய்ப்போன மனவருடி இவளுக்குள்ளும் புகுந்துவிட்டதே!

“போகலாம். இத்தன வருசமும் தெனந்தெனம் போயிருக்கலாம். போனேனாட்டி?”

ஜெசிந்தா வாய்விட்டு அழுதாள். அழ அழ மூச்சு இழுத்தது, உதடு நீலம் பாரித்தது. இனி யாரிடம் மன்றாடியும் பயனில்லை என்று உலகம்மைக்குத் தெரிந்துவிட்டது. ஜெசிந்தாவின் முதுகைத் தடவிக்கொடுத்தபடியே போனை எடுத்தாள்.

“அண்ணே, உலகம்மை பேசுறேன். வந்து பொறுப்பெடுத்துக்கோங்க. நான் உங்க வாசலுக்கு வரமாட்டேன். அவ உசுரோட இருந்தா போதும்.”