பக்கத்து இருக்கையின் ராசி

"பார்த்து வரக் கூடாதா?" என்று கேட்கத்தான் கத்தால்தோ வாயைத் திறந்தான். அதற்குள் அவள் நிமிர்ந்துவிட்டாள்... மழையில் நனைந்த முடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. அந்தக் கரிய கண்களில் பயத்தைவிடக் குறும்புதான் அதிகம். கையில் பாதிக் கோப்பை காப்பி. மீதி அவன் முழங்காலில்.

அந்த நொடியில்தான் தாரந்தோ நகரத்து ஸ்டெல்லா கால்பந்துக் குழு அந்த ஆட்டப் பருவத்தின் முதல் கோலைப் போட்டது. அரங்கமே எழுந்து குதித்தது. திட்ட வந்தவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தான். யார் கை என்று உறைத்ததும் சட்டென்று விட்டான்... விட்டிருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றியது.

அவள் பெயர் ஓர்னெல்லா. பழைய நகரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை. பக்கத்து இருக்கையை அந்தப் பருவம் முழுவதற்கும் வாங்கியிருந்தாள். கத்தால்தோ கடலில் சிப்பி வளர்ப்பவன். காற்றுக்கும் அலைக்கும் அஞ்சாதவன்தான். ஆனால் ராசி என்று வந்துவிட்டால் அந்த ஊரில் எல்லோரும் குழந்தைகள். சாம்பியன் பட்டம் கைக்கு வரும்வரை 'பட்டம்' என்ற சொல்லையே எடுக்க மாட்டார்கள். யாராவது உளறிவிட்டால், ராசி கெடாமலிருக்கச் சட்டைப்பையில் சாவியைத் தேடி இரும்பைத் தொட்டுக்கொள்வார்கள்.

ஆகவே அடுத்த ஆட்டத்துக்கு அவள் வந்து உட்கார்ந்ததும் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"தப்பா நெனைக்காதீங்க... கொஞ்சம் காப்பிய என் முட்டில ஊத்துறீங்களா?"

"போன தடவ ஊத்தினதுக்கு அப்படி மொறச்சீங்களே?"

"போன தடவ ஜெயிப்போம்னு தெரியாதே..."

ஊற்றினாள். ஜெயித்தார்கள்.

அதற்குப் பிறகு அதுவே சட்டமாகிவிட்டது. முதல் நாள் செய்ததையெல்லாம் செய்ய வேண்டும். செய்யாத எதையும் செய்யக் கூடாது. முதல் நாள் வாசலில் பிரிந்தார்கள், ஆகவே வெளியே சந்திக்கக் கூடாது. தொலைபேசி எண் கேட்கவில்லை, ஆகவே இனியும் கேட்கக் கூடாது. உள்நாட்டு லீகில் சொந்த மண்ணில் தோல்வியே இல்லை. ஐரோப்பியக் கோப்பைக்காகப் பிராகாவிலிருந்தும் போர்த்தோவிலிருந்தும் ஆட வந்தவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார்கள். ஊருக்கே தூக்கம் போயிற்று. கத்தால்தோவுக்கும்தான்... ஆனால் அவன் தூக்கத்தைக் கெடுத்தது கால்பந்து மட்டும் அல்ல.

கிறிஸ்துமஸ் சமயத்தில், அரங்கத்துக்கு எதிர்க் கடையில் சூடாக ஏதாவது சாப்பிடலாமா என்று அவள்தான் முதலில் கேட்டாள். மே மாதம் பருவம் முடியட்டுமே என்றான். சரி என்று சிரித்தாள்... கண்கள் சிரிக்கவில்லை. பைத்தியக்காரன், அதைக் கவனித்தும் சும்மா இருந்தான்.

ஏப்ரலில் ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதி. மறுபடியும் மழை. ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரே ஒரு கோல் முன்னிலை. அப்போதுதான் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"வடக்கே, த்ரியெஸ்தேல ஒரு பெரிய ஆஸ்பத்திரில வேல கெடச்சிருக்கு. நாளைக்குப் பதில் சொல்லணும்." அவன் பக்கம் திரும்பினாள். "போகாதன்னு சொல்ல இங்க எனக்கு யாரும் இல்ல... இருக்காங்களா?"

போகாதே... நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் முதல் நாள் சொல்லாத சொல்லாயிற்றே. அதைச் சொல்லப்போய் ஊரின் கனவெல்லாம் கவிழ்ந்துவிட்டால்? ஆட்டம் முடியட்டும் என்றான், மைதானத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல். அவளும் ரோஷக்காரி. இரண்டாவது தடவை கேட்கவில்லை.

விசில் ஊதியதும் முன்வரிசை பின்வரிசையெல்லாம் அவன் மேல் விழுந்து கட்டிக்கொண்டது. விலக்கிக்கொண்டு திரும்பியபோது அவள் போய்விட்டிருந்தாள். மறுநாள் மருந்துக் கடைவரை போனான். வெளியே சந்திக்கக் கூடாதே என்று வாசலோடு திரும்பினான். அடுத்த ஆட்டத்துக்கு எப்படியும் வருவாள் என்று தன்னையே தேற்றிக்கொண்டான்.

அவள் வரவில்லை. அயல்நாட்டில் நடந்த ஐரோப்பிய இறுதி ஆட்டத்தில் ஸ்டெல்லா தோற்றது. மீதி இருந்தது லீகின் கடைசி ஆட்டம், சொந்த மண்ணில். பக்கத்து இருக்கை காலி, முழங்கால் காய்ந்துகிடக்கிறது... இன்று எல்லாம் முடிந்தது என்றே உட்கார்ந்திருந்தான். ஸ்டெல்லா மூன்று கோல் போட்டு ஜெயித்தது. பட்டமும் வந்தது. அவள் இல்லாமலே வந்தது. கத்தால்தோ காலி இருக்கையில் கைவைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து எல்லோரும் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

அவளைத் தேடிப் போக முகம் இல்லாமல் கோடை முழுவதும் கழிந்தது. அக்டோபரில் ஸ்டெல்லா ஊதினே நகருக்கு ஆடப் போயிற்று, கத்தால்தோவும் போனான். அங்கிருந்து த்ரியெஸ்தே பக்கம்தான். வெளியூர் ரசிகர்களுக்கான பகுதியில் அவளை ஒவ்வொரு வரிசையாகத் தேடினான். மேல்வரிசையில், நனைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு நின்றிருந்தாள் ஓர்னெல்லா... ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் எதிரில் நின்றான்.

"எனக்கு ஒன்ன ரொம்பப் புடிக்கும், ஓர்னெல்லா. மொத நாள்லேருந்தே. அன்னைக்கு வாயத் தொறந்தா தோத்துடுவோம்னு பயந்துட்டேன்."

அவள் கையுறையைக் கழற்றினாள். விரலில் மோதிரம். அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர், நல்ல மனிதர், அடுத்த ஜூனில் கல்யாணம் என்றாள். அவன் தலையை ஆட்டினான். வேறு என்ன செய்வான்?

"எனக்கும்தான் புடிச்சிருந்தது..." அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "தோத்தா தோத்துட்டுப் போறோம், கத்தால்தோ. ரெண்டு பேருமாச் சேந்து கொஞ்ச நேரம் அழுதிருப்போம்... அப்புறம் வீட்டுக்குப் போயிருப்போம்."