ஒட்டிவைத்த கதவுகள்

சக்கரத்தில் பூசியிருந்த சேறு ஈரமாக இருந்தது.

கந்தவேல் விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான். அடுக்கம் சாலை ஓரத்து மண் அது. அவனே அள்ளி வந்து, காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்து, பசையில் குழைத்து, மெல்லிய பிரஷ்ஷால் டயர் இடுக்குகளில் வைத்தது. போன மாதம் வைத்தது இந்நேரம் கல்லாக இறுகியிருக்க வேண்டும். இப்போது விரலில் அப்பிக்கொண்டு, அழுகிய இலையும் டீசலும் கலந்த வாடை அடித்தது. நேற்று பெய்த மழைக்கு வீடு ஒழுகவில்லை. மேசை காய்ந்துதான் கிடந்தது. குட்டிக் கார் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. உப்பு ஜாடியே தண்ணீர் விடுகிற ஊரில் சேறு இளகினால் என்ன அதிசயம் என்று விரலைத் துடைத்துக்கொண்டான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் நம்பர் பிளேட்டும் ஸ்டிக்கரும் ஒட்டித் தருகிற கடை அவனுடையது. கடை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் குட்டிக் கார்தான். பொம்மைக் கார் வாங்கி, அடியில் இருக்கும் ரிவெட் ஆணியைத் துளைத்துப் பிரித்து, பெயிண்டைச் சுரண்டி, கொடைக்கானல் மலையில் ஓடுகிற வண்டிகளாக மாற்றுவான். தார்ப்பாய் கட்டிய தாண்டிக்குடி ஜீப், கவுஞ்சியிலிருந்து கேரட் மூட்டை ஏற்றி வரும் மினி லாரி எல்லாம் அவன் அலமாரியில் உள்ளங்கை நீளத்துக்கு நின்றன. "பொம்பளப் புள்ளையப் பெத்துட்டு நீங்க கார் வெளையாடுங்க" என்று மனைவி மணிமேகலை கேலி செய்வாள்.

மணிமேகலை போய் இன்னும் மூன்று நாளில் ஒரு வருஷம். அதற்குப் பிறகு அவன் செய்தது ஒரே ஒரு கார்தான். அவளை அடித்த கார்.

இராமலிங்கம் என்ற ரிசார்ட் முதலாளியின் பச்சைக் கார் அது. அடுக்கம் சாலை வளைவில் மலை மஞ்சு பனிமூட்டமாக இறங்கியிருந்த மத்தியானம், ஓரமாக நடந்து வந்தவளைத் தூக்கி அடித்தது. அடித்ததைக்கூட கந்தவேல் ஒருநாள் மன்னித்திருப்பான். அதன் பிறகு நடந்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. நெல்லிக்காய் பொறுக்க வந்த ரெங்கம்மாள் அதைப் பார்த்தவள். "அந்தப் புள்ள கையத் தூக்கித் தூக்கிக் கார்க் கதவத் தட்டுச்சுங்க. உள்ள இருந்தவரு கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு போன்ல பேசிக்கிட்டே இருந்தாரு. தெறக்கவே இல்லைங்க. அவரு ஆளுக வர்ற வரைக்கும் தெறக்கல. அப்புறம் தட்டுற சத்தம் நின்னுருச்சு." இதையெல்லாம் யார் கேட்டார்கள்? மஞ்சு, பாதை தெரியவில்லை, தற்செயல் என்று கேஸ் முடிந்துபோனது. முன்பக்கத்துப் பம்பருக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டு கார் பழையபடி ஏரியைச் சுற்றி வந்தது.

அந்தப் புதுப் பெயிண்ட் மற்ற பச்சையைவிட ஒரு சாயல் வெளுப்பு. அந்த ஒரு சாயல் வித்தியாசம்தான் மணிமேகலை செத்ததற்கு உலகத்தில் மிச்சமிருந்த சாட்சி. அதைக் கலக்கிக் கலக்கிப் பார்த்தே கந்தவேல் பாதி வருஷத்தைத் தொலைத்தான். வளைவில் மண் அள்ளும்போது நகக்கண் அளவுக்கு ஒரு பெயிண்ட் சில்லு கிடைத்தது. அதையும் பொடியாக அரைத்துக் குட்டிக் காரின் பச்சையில் கலந்துவிட்டான். அதன் பிறகுதான் நிறம் சரியாக வந்தது.

சேறு ஈரமான அன்று சாயங்காலம் அவன் சட்டைக் கை பட்டு, குட்டிக் காரின் வலப்பக்கத்து சைடு மிரர் ஒடிந்தது. மறுநாள் காலையில் ஏரிக்கரைக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பச்சைக் கார் வந்து நின்றது. வலப்பக்கத்து மிரர் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. இராமலிங்கம் இறங்கி, டிரைவர் செல்வமுருகனைப் பிடித்துக்கொண்டார்.

"ஷெட்டுல நிறுத்தி வச்ச வண்டி எப்படிறா ஒடையும்?"

"சத்தியமா நான் தொடலைங்க சார்."

கந்தவேலின் டீ ஆறிப்போனது. வீட்டுக்கு வந்து, ஊசி எடுத்து, குட்டிக் காரின் பின்கதவில் ஒரு கோடு கிழித்தான். சாயங்காலம் ரிசார்ட் வாசல் வழியாகச் சும்மா போவதுபோல் நடந்து போனான். பெரிய காரின் பின்கதவில் அதே கோடு, அதே சாய்வில், நுனியில் அதே வளைவோடு இருந்தது. வீட்டுக்கு ஓடிப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு சந்தோஷமும் கொதித்தது. இத்தனை நாளும் கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் கைகட்டி நின்றவனுக்கு இப்போது அந்தக் கார் உள்ளங்கையில் கிடந்தது.

திதிக்கு முந்தின நாள் சாமான் கொண்டுவந்த தங்கை அம்சவள்ளி மேசையைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"அண்ணே, இதத் தூக்கி ஏரில போடுங்க. சுகன்யா நாளைக்கு வெள்ளனே வந்துரும். இதக் கண்டா புள்ள என்னத்துக்கு ஆகும்?"

"அவளுக்கு இது எந்தக் காருன்னே தெரியாது."

அது உண்மை. மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற மகளிடம் அந்தக் காரின் போட்டோவைக்கூட அவன் காட்டியதில்லை. மணிமேகலைக்குப் பிறகு அவனுக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். அவள் தலையில் இந்தப் பச்சை நிறம் ஏற வேண்டாம் என்று நினைத்தான்.

அன்று காலையில் பச்சைக் கார் அவன் கடை வழியாகத்தான் கீழே இறங்கியது. பின்சீட்டில் இராமலிங்கம் இருந்தார். மதுரை ஏர்போர்ட்டுக்குப் போகிறார்கள், சாயங்காலம் வண்டி மலை ஏறிவிடும் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். யாரையோ கூட்டிவரப் போகிறான், திரும்பும்போதும் வண்டிக்குள் இருப்பான் என்று கந்தவேல் எடுத்துக்கொண்டான். மத்தியானமே ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தான்.

அம்சவள்ளி போன பிறகு சூப்பர் க்ளூவை எடுத்தான். குட்டிக் கார் செய்கிற யாரும் கண்ணாடி பொருத்திய பிறகு அந்தப் பசையைப் பக்கத்தில் கொண்டுவர மாட்டார்கள். அதன் ஆவி பட்டால் பிளாஸ்டிக் கண்ணாடி உள்பக்கம் வெள்ளை பூத்துவிடும், துடைத்தாலும் போகாது. தெரிந்தேதான் செய்தான். கதவிடுக்கு ஒவ்வொன்றிலும் ஊற்றினான். விரலில் வழிந்ததைச் சட்டை செய்யவில்லை.

"எறங்க மாட்டேன்னுதானே உக்காந்திருந்தே. இனி உக்காரு" என்றான்.

கண்ணாடிகளின் மூலையிலிருந்து வெள்ளை மெல்ல ஏறியது. ஜன்னலுக்கு வெளியேயும் மஞ்சு ஏறிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு யூகலிப்டஸ் முதலில் போனது, பிறகு கேட், பிறகு வாசல்படி. மூன்று மணிக்கே அறை இருண்டு, தகரக் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் ஃபிரிட்ஜின் முனகலும் தவிர வேறு சத்தமில்லாமல், பசையின் காட்டம் கண்ணைக் கரிக்க, அவன் காரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லைட்டைப் போடவில்லை.

டக்.

கூரைச் சொட்டு என்று நினைத்தான்.

டக். டக்.

மேசையிலிருந்து வந்தது. காருக்குள்ளிருந்து. நகத்தால் பிளாஸ்டிக்கைத் தட்டுகிற மாதிரி, சின்னதாக, விட்டு விட்டு. கந்தவேல் குனிந்து, காரின் கூரைமேல் வாயை வைத்தான். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"தட்டு" என்றான். "நல்லாத் தட்டு. அவளும் இப்படித்தான் தட்டுனா."

தட்டல் வேகமானது. அவன் சிரித்தான். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தான்.

போன் அடித்தது. சுகன்யா. ஸ்பீக்கரில் போட்டான்.

"அப்பா, நான் இன்னைக்கே கெளம்பிட்டேம்ப்பா. அத்தைக்கு ஒத்தாசையா இருக்கலாம்னு. வத்தலக்குண்டுல பஸ்ஸே இல்ல. ஒரு ரிட்டர்ன் வண்டில ஏறுனேன்."

ஆளை இறக்கிவிட்டுக் காலியாக மலையேறும் வண்டிகள் வழியில் ஆள் ஏற்றிக்கொள்வது வழக்கம். அவனே எத்தனையோ தடவை அவளை அப்படி ஏற்றிவிட்டிருக்கிறான்.

"என்ன வண்டிம்மா?"

"ஏதோ ரிசார்ட் வண்டிப்பா. பச்சைக் கலரு. ஓனர பிளேன் ஏத்தி விட்டுட்டு வருதாம். அப்பா, பெருமாள்மலை தாண்டுனதும் கண்ணாடியெல்லாம் வெள்ளையாப் போச்சு. தொடச்சாலும் போகல. ரோடே தெரியலன்னு டிரைவர் அண்ணன் நிறுத்திட்டாரு. கதவு ஒண்ணும் தெறக்க மாட்டேங்குது. தட்டிக்கிட்டே இருக்கோம், ரோட்டுல யாருக்கும் கேக்கல. நெஞ்செல்லாம் எரியுதுப்பா."

டக். டக். டக்.

போனிலும் அதே சத்தம். மேசையிலும் அதே சத்தம்.

அவன் காரை வெடுக்கென்று எடுத்தான்.

போனில் செல்வமுருகன் முருகா முருகா என்று கத்தினான். "அப்பா, வண்டி தூக்குது" என்றாள் சுகன்யா. "சக்கரம் தரைல இல்லப்பா. மேல போவுது."

கை நின்றது.

கீழே வைக்க வேண்டும். எங்கே? மேசையில் எது ரோடு, எது பள்ளம்? எடுத்த இடம் எது? ஒரு விரல் தள்ளி வைத்தால் என்ன ஆகும்? பெருமாள்மலைக்கு மேலே ஒரு பக்கம் பாறை. ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை.

கதவிடுக்குப் பசையைக் கீறக் கத்திக்கு இடக்கையை நீட்டினான். கார் கொஞ்சம் சாய்ந்தது. போனில் உடம்புகள் கதவில் மோதுகிற சத்தம். அலறல். அவசரமாக நிமிர்த்தினான். விரல்கள் கூரையை விட்டு வரவில்லை. வழிந்த பசை காய்ந்துவிட்டிருந்தது. அவனும் காரும் ஒன்றாகியிருந்தார்கள்.

காரை இரண்டு கையாலும் மட்டமாகப் பிடித்தான். ஆடக் கூடாது. நடுங்கக் கூடாது. மெல்ல, மிக மெல்ல, முகத்துக்கு நேரே உயர்த்தினான். பின்கதவின் வெள்ளைக் கண்ணாடியில் ஒரு மூலை தெளிந்துகொண்டிருந்தது. உள்ளிருந்து ஏதோ துடைத்தது. அரிசியளவுகூட இல்லாத ஓர் உள்ளங்கை.

கண்ணை அதன் பக்கத்தில் கொண்டுபோனான்.

"பாப்பா" என்றான். "நான்தான். அப்பாதான்."

அவன் குரல் போனிலிருந்து இடி இடித்ததுபோல் திரும்பி வந்தது.

சுகன்யா அலறவில்லை. குரல் அடியோடு வற்றிப்போயிருந்தது. "அண்ணே" என்று டிரைவரிடம் சொன்னாள். "வெளிய ஒரு கண்ணுண்ணே."

உள்ளங்கை கண்ணாடியை விட்டு விலகியது.

தட்டுகிற சத்தம் இப்போது அவன் கண்ணுக்கு எதிர்ப்பக்கத்துக் கதவிலிருந்து வந்தது.