முத்திரை வைத்த அறை

காற்றே இல்லாத நடைவழியில் அந்த முத்திரைக் கம்பி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மொழிபெயர்ப்பாளன் நின்றான். கிடங்கின் இரும்புக் கதவில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் கட்டிவிட்டுப் போன கம்பி. நுனியில் வட்டமான ஈய முத்திரை. ஆலையில் எப்போதும் இருக்கும் பினாயில் நெடிக்கும் ஈரச் சுவரின் வாடைக்கும் அடியில், இன்று வேறொன்று இனிப்பாக, நாக்கில் ஒட்டும்படி கசிந்துகொண்டிருந்தது.

"அங்க என்ன வேடிக்கை? மாமியார் வீட்டு வாசலா அது?" பின்னால் இயக்குநரின் குரல். "விருந்தாளிங்க வந்தாச்சு."

"சார், உள்ள அவரு..."

"திருடன். கள்ளச்சாவி போட்டு நுழைஞ்சு மாட்டிக்கிட்டவன். அப்படியே அவங்க பாஷையில சொல்லு. வாய் குழறினா உனக்கும் ஒரு ரூம் இருக்கு தம்பி."

உள்ளே இருந்தவர் ஆலையின் வேதியியலாளர். எல்லோருக்கும் சோடாபுட்டி, இவனுக்கு மட்டும் அண்ணன். விஷவாயுக் குண்டுகளைப் புதைத்த இடத்தை ஆய்வாளர்களிடம் சொல்லிவிட முடிவுசெய்தவர், நம்பியதும் இவனைத்தான். "இங்க ஒளிஞ்சிருங்கண்ணே, அவங்கள நானே கூட்டிட்டு வரேன்" என்று பூட்டியவன், இயக்குநர் ஆசை காட்டிய தூதரக வேலைக்காக, ஆய்வாளர்களோடு அந்த இயக்குநரையும் சேர்த்தே அழைத்து வந்தான். அன்று உள்ளிருந்து மெல்லத் தட்டும் சத்தம் வந்தது. தண்ணீர்க் குழாய், பழைய கட்டடம் என்று தலைமை ஆய்வாளர் அம்மையாரிடம் சொன்னான். பொழுது சாய்ந்ததால் பார்க்க முடியாத அறைக்கு முத்திரை வைத்துவிட்டு அடுத்த வருகையில் திறப்பது அவர்கள் வழக்கம். அவர்கள் கம்பி கட்ட இயக்குநரே டார்ச் பிடித்தார். "முழு ஒத்துழைப்புன்னு சொல்லு!"

அதன்பின் முத்திரையைத் தொட்டால் ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்த மீறல். யாரும் தொடவில்லை. தட்டல் நாளுக்கு நாள் மெலிந்து, நின்றது. ஆலையில் நின்றது அவன் வீட்டில் தொடங்கியது: குளியலறைச் சுவரில், தலையணைக்குள், மனைவி பேசும்போது அவள் பற்களுக்குப் பின்னால்.

இப்போது அம்மையார் கம்பியை வெட்டினார். கதவு முனகியது. வெளிச்சம் மூலைக்குப் போனது.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடி கழலவில்லை. அதன் பின்னால் கண்கள் இல்லை.

மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மையார் கேட்டார்: யார் இவர்?

மொழிபெயர்ப்பவன் பேசுகிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் 'நான்' என்றால் தானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். அதுதான் தொழில் முறை. அவன் இயக்குநர் பக்கம் திரும்ப நினைத்தான். கழுத்து மூலைப் பக்கம் திரும்பியது.

தாடை அசைந்தது.

வேறு யாரும் பார்க்கவில்லை.

"வந்துட்டியா தம்பி," என்றது காய்ந்த குரல். "ஒரு வார்த்தை விடாம சொல்லு."

திருடன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். "நான் இந்த ஆலையின் வேதியியலாளர்" என்றது வாய், அந்நிய மொழியில், ஒரு பிசிறு இல்லாமல். குண்டுகளை நீர்த்தொட்டிக்கு அடியில் புதைத்தோம். உத்தரவிட்டவர் இதோ, பக்கத்தில்.

அந்த மொழி தெரியாத இயக்குநர் புன்னகையோடு தலையாட்டினார். ஒவ்வொன்றுக்கும். ஆமாம், ஆமாம்.

அம்மையாரின் முகம் வெளுத்தது.

அவன் பல்லைக் கடித்தான். நாக்கு நடுவில் இருந்தது. ரத்தம். பேச்சு நிற்கவில்லை.

"என்னைப் பூட்டினது யாரு? அதையும் சொல்லு."

வேண்டாம் அண்ணே.

"சொல்லு."

அவன் கையே எழுந்தது. விரல் அவன் நெஞ்சைத் தொட்டது. தொட்டதோடு நிற்கவில்லை. சட்டை கிழிந்தது. பிறகு தோல். இயக்குநரின் தலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மூலையில் தாடை ஓயவில்லை.

அவன் வாயும்.