திகிஜ்யாவின் உட்பக்கம்

கடுகெண்ணெய் வாசம் சுவரிலிருந்து வந்தது. செலீன் கடுகெண்ணெய் வாங்குவதேயில்லை.

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலத்தடிப் பேஸ்மென்றில் அவள் தனியாக இருந்தாள். கணவர் ஊரிலே சண்டைக்காலத்தில் ஷெல் விழுந்து செத்துப்போனார். பிள்ளை குட்டி இல்லை. வேலைக்குக் கூப்பிடாத நாட்களில் ஒரு மனிதக் குரல்கூடக் காதில் விழாது, பாவம். அறைக்கு யன்னலும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் மேல்வீட்டு நேவார் இனத்துக் கிழவர் பூர்ணமான், நேபாளத்தில் இடிந்துபோன தன் பரம்பரை வீட்டின் திகிஜ்யாவை அவளிடம் கொடுத்துவிட்டுக் குளிர்காலத்துக்கு அங்கே போனார். திகிஜ்யா என்பது மரச்சட்டங்களைப் பின்னிக் கோத்து, ஒரு பக்கம் மட்டும் பூவேலை செதுக்கிய யன்னல். வீட்டுப் பெண்கள் அதன் பின்னால் இருந்து தெருவைப் பார்ப்பார்களாம். தெருவில் நிற்பவருக்கு உள்ளே இருப்பவர் தெரியாதாம்.

சுவரில் மாட்டித் தந்தவன் தச்சுவேலை செய்யும் மகேஸ்வரன்.

"பூவேலை எங்கட பக்கம் வரட்டும் அக்கா. இவ்வளவு வடிவையும் சுவருக்கே காட்டுறது?"

அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. பின்னால் கொங்கிறீற், அதற்குப் பின்னால் மண். வேறென்ன?

பனி கொட்டிய அந்தப் பின்னேரம், ஹீற்றரின் இரைச்சல் ஓய்ந்து வீடே மூச்சடக்கியதுபோல் கிடந்தபோது, பின்னலுக்குள்ளே துணி உரசுவதும், எட்டிப் பார்ப்பவர்கள் அடக்கிக்கொள்ளும் சிரிப்பும், அப்போதுதான் கடுகெண்ணெய் வைத்து வாரிய தலைகளின் வாசமும் மெல்ல மெல்ல அறைக்குள் இறங்கி வந்தன. அவளுடைய போர்வையில் பின்னலின் நிழல் விழுந்திருந்தது. வெளிச்சம் யன்னலுக்குப் பின்னாலிருந்து வந்தால் விழுகிற நிழல்.

ஓட்டையில் கண்ணை வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை.

அப்போதுதான் விளங்கியது. பூவேலை தெருவுக்குக் காட்டுகிற முகம். இந்த அறைதான் தெரு. வீடு அந்தப் பக்கம்.

மகேஸ்வரனுக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, உந்த யன்னலைக் கழட்டித் திருப்பிப் போடவேணும். ஆரோ என்னைப் பாத்துக்கொண்டிருக்கினம்."

"சுவருக்குள்ள இருந்தோ? வாடகை கேளுங்கோ அக்கா." சிரித்தான். பிறகு குரல் தணிந்தது. "தனிய இருந்து யோசிக்காதையுங்கோ. பனியைத் தள்ளிப்போட்டு வாறன்."

அவளால் பொறுக்க முடியவில்லை. தானே ஆணிகளைக் கழற்றினாள். பின்னால் வெறும் கொங்கிறீற். தட்டிப் பார்த்தாள், கொஞ்சம் தெம்பு வந்தது. யன்னலைத் திருப்பி மாட்டினாள். பூவேலை சுவரோடு, வெறும் பக்கம் அவள் பக்கம்.

இனி நான்தான் உள்ளே.

கண்ணை வைத்தாள்.

வெளிச்சம். ஒரு கட்டில். அவளுடைய போர்வை. அவளுடைய செருப்பு.

திரும்பினாள். அறை இல்லை. இருட்டு. தலையில் இடிக்கும் மர உத்தரம்.

பின்னலுக்கு அந்தப் பக்கம், அவளுடைய அறையில், கதவு திறந்தது. மகேஸ்வரன்.

"அக்கா? செலீன் அக்கா?"

கத்தினாள். அவன் கிட்ட வந்தான். நேரே அவள் கண்ணைப் பார்த்தான். விரலால் பூவேலையைத் தடவினான்.

"நான் போட்டபடிதானே கிடக்கு. எங்கை போயிட்டா உந்தப் பனிக்குள்ள?"

பின்னலைப் பிடித்து உலுக்கினாள். அசையவில்லை. அவன் விளக்கை அணைத்துவிட்டுப் படியேறினான்.

இருட்டில், பக்கத்தில் இருந்தவர்கள் சற்று நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள்.