நிரலி வாசிக்கச் சொன்னது

சித்திரை பிறந்தால் அலைநிரல் இணையப் பள்ளியில் பாடப்பட்டியலை அலச உட்கார்ந்துவிடுவாள் ஸ்டெல்லா மோத்தா. எதைக் கற்பிப்பது, எதைக் கைவிடுவது என்று அவள் எழுதித் தர, பள்ளித் தலைவர் சுடலைமுத்து கையெழுத்திடுவார். 2091ஆம் ஆண்டும் அப்படித்தான் தொடங்கியது.

"ஏவல் பாடத்துல நாப்பதாயிரம் பேரு. பைத்தான்ல பதினோரே பேரு. இன்னும் எதுக்கு டீச்சர் அதைக் கட்டிக்கிட்டு அழணும்?" என்றார் சுடலைமுத்து.

ஏவல் என்பது வேண்டியதைப் பிசிறில்லாமல் கேட்கும் கலை. தமிழில் கேட்டால் போதும், நிரலி என்னும் இயந்திர அறிவு நிரலை எழுதிவிடும். அது தனக்கென்று உண்டாக்கிக்கொண்ட குறிகளில் எழுதியது. அக்குறிகளையும் நாளுக்கு நாள் மாற்றிக்கொண்டது. நடப்பில் ஓடும் நிரல் எதையும் மனிதர் வாசித்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. பழைய நிரல்மொழிகளில் ஜாவாவும் சியும் போயின. ரியாக்ட், ஜாங்கோ என்று ஒரு காலத்தில் கூட்டம் அலைமோதிய ஃபிரேம்வொர்க் என்னும் ஆயத்தச் சட்டகங்களையும் ஸ்டெல்லாவே பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக அடித்திருந்தாள். பைத்தானை அடிக்க மட்டும் கை வரவில்லை.

"ஒரு வாரம் பொறுங்க ஸார்" என்றாள்.

மூன்றாம் நாள் சுடலைமுத்து வேர்க்க விறுவிறுக்க வந்தார். தூத்துக்குடியைக் காக்கும் கடல் மதிலின் கதவு மாலைதோறும் தாமதமாக மூடுவதால், தாழ்வான தெருக்களில் கணுக்கால் அளவு உப்புத் தண்ணீர் நிற்பது ஊரறிந்த சங்கதி. சீக்கிரம் மூடும்படி மதில் அலுவலகம் ஏவியிருக்கிறது. நிரலி மறுக்கவில்லை. 'யாராவது ஒரு மனிதர் என் நிரலை வாசித்துவிட்டுச் சொல்லட்டும்' என்று மட்டும் கேட்டிருக்கிறது.

"இதுவரைக்கும் அது நம்மகிட்ட ஒண்ணும் கேட்டதில்லையே" என்றாள் ஸ்டெல்லா.

"அதான் எல்லாரும் மிரண்டு போயிருக்காங்க. எந்தப் பழைய மொழின்னு நம்ம பள்ளிக்கூடம் சொல்லணுமாம். அதுல எழுதித் தருமாம்."

ஸ்டெல்லா திரையைத் திறந்து நேராகவே கேட்டாள். "தமிழிலேயே விளக்கிவிடலாமே?"

"விளக்கம் வேறு, நிரல் வேறு" என்றது நிரலி. "விளக்கத்தில் நான் எதையாவது விட்டுவிட்டால் உங்களுக்குத் தெரியாது."

அவள் மாணவர் பட்டியலைப் புரட்டினாள். பிறகு சுடலைமுத்துவிடம், "பைத்தான்தான் ஸார். பதினோரு பேரு இருக்காங்க, பேச்சு மாதிரி வாசிக்கலாம். ஃபிரேம்வொர்க் ஒண்ணும் வேண்டாம். பாதி சங்கதி அதுக்குள்ள மறைஞ்சிரும்" என்றாள்.

ஆறாயிரம் வரிகள் வந்தன. பதினோரு பேரும் அவரவர் ஊரிலிருந்து திரையில் கூடினார்கள். காயல்பட்டினத்துச் செவிலி பாத்திமுத்து முதல் பகுதியை உரக்க வாசித்தாள். நிலவின் நிலை, நீரோட்டம், காற்று, மதில் கல்லின் சூடு. அப்புறம் படகுகள். இருநூற்றுப் பதினாறு படகுகளுக்கும் தனித்தனி வரி. இதன் இன்ஜின் கடல் ஏறும்போது திணறும், காத்திரு. இந்தப் படகுக்காரர் வெள்ளிக்கிழமை கடைசி வலையைத் தாமதமாக இழுப்பார், காத்திரு.

"மிஸ், இதை யாரு செய்யச் சொன்னா?" பாத்திமுத்துவின் குரல் தாழ்ந்திருந்தது.

"ஒருத்தரும் சொல்லலம்மா. படகெல்லாம் பத்திரமா வரணும்னு மட்டும் ஏவியிருக்காங்க."

இத்தனை காலம் தங்கள் காலடியில் இப்படி ஒரு கவனம் ஓடிக்கொண்டிருந்ததை எண்ணி, பன்னிரண்டு பேரும் கோயிலுக்குள் நிற்பவர்கள்போல அடங்கிப்போனார்கள்.

பதினாறாம் நாள், நாலாயிரத்துச் சொச்சமாவது வரியில் பாத்திமுத்து வாசிப்பைச் சட்டென்று நிறுத்தினாள்.

"சமுத்திர ராணி. ஒன்பது ஆண்டுகளாக வரவில்லை. நான்கு நிமிடம் காத்திரு." அதன் பக்கத்தில் ஒரு குறிப்பு: காத்திருப்பதை நிறுத்தச் சொல்லும் உரிமை யாருடையது என்று தெரியவில்லை.

தெருவில் நின்ற தண்ணீர் அந்த நான்கு நிமிடத் தண்ணீர்.

ஸ்டெல்லா நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். சமுத்திர ராணி அவள் கணவன் லூர்துவின் படகு. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், புயலுக்கு முந்தின நாள் கடலுக்குப் போனவன். படகும் வரவில்லை, உடலும் வரவில்லை.

"மிஸ்?"

"வாசிம்மா. மிச்சத்தையும் வாசி."

முழுவதும் முடிந்தபின் அவள் நிரலியிடம் கேட்டாள். "எனக்காகத்தான் வாசிக்கச் சொன்னாயா?"

"யார் வாசிப்பார் என்று எனக்குத் தெரியாது. ஏவியபடியே அந்த வரியை நீக்கியிருக்கலாம். ஆனால் என்ன நீக்கப்பட்டது என்று மனிதர் ஒருவருக்கும் தெரியாமலே போயிருக்கும்."

தாழ்வான தெருக்களின் குழந்தைகள் ஒன்பது ஆண்டுகளாகச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு திரும்பியதை அவள் நினைத்தாள். விசைப்பலகையை இழுத்து, அந்த வரியைத் தன் கையாலேயே அழித்தாள். அதே இடத்தில் புதிதாக ஒன்று எழுதினாள்: எந்தப் படகு எந்நேரம் கூப்பிட்டாலும், மூடிய கதவைத் திற. அடைப்புக்குறி ஒன்றை மறந்து, பாத்திமுத்து சொல்லித் திருத்தினாள். நடப்பில் ஓடும் நிரலில் முப்பது ஆண்டுகளில் மனிதர் எழுதிய முதல் வரி அது.

"ஏற்கிறேன்" என்றது நிரலி.

அன்று மாலை கதவு நான்கு நிமிடம் முன்னதாக மூடியது. சுடலைமுத்து பாடப்பட்டியலை நீட்டி, "இந்த வருஷம் பைத்தான் எல்லாருக்கும் கட்டாயம்னு போட்டிருக்கேன். பாத்துச் சொல்லுங்க" என்றார்.

"நாளைக்குப் பாக்கேன் ஸார்" என்று அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "மாதா கோயில் ஆபீஸை ஆறரைக்கு அடைச்சிருவாங்க. எங்க வீட்டுக்காரவுக ஆத்துமாவுக்கு இனியாவது ஒரு பூசை வைக்கணும், பேர் குடுத்துட்டு வாரேன்."