வண்டியில் காய்ச்சிய பால்

"ஒரு நல்ல காரியம் தொடங்கேக்கை ஒருக்காவாவது வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டியே, பிரியந்தி?"

காலை ஆறரை மணிக்கே கலாவதியின் குரல் லண்டன் மிச்சம் பகுதியில் இருந்த அந்த வீட்டைத் தாண்டிப் பக்கத்து வீட்டு நாயையும் எழுப்பிவிட்டது. கோடை காலம் என்று பெயர்தான். வெளியே வானம் இருட்டிக்கொண்டு நின்றது. வீட்டு வாசலை அடைத்தபடி, கலாவதியின் கணவர் பத்மநாதன் வாங்கிவந்த பழைய மோட்டார்ஹோம் நின்றது. அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் உள்ள ஓடும் வீடு.  

"நான் வேறை ஒண்டும் சொல்லேல்ல மச்சாள்... தரையில இருக்கிற அந்த ஓட்டையளைத் துவாயால அடைக்காதேங்கோ எண்டுதான் சொன்னனான். காத்துப் போகத்தான் வைச்சிருக்கிறாங்கள். புத்தகத்தில எழுதிக் கிடக்கு..."

"புத்தகம்! என்ர பிள்ளைக்குத் தடிமன் பிடிச்சா உன்ர புத்தகம் வந்து மருந்து குடுக்குமோ?"

என்ர பிள்ளை! மூன்று வயது ஆரபியைப் பெற்றவள் பிரியந்திதான். ஆனால் கலாவதி அப்படித்தான் சொல்வாள். பிரியந்தியும் மறுத்துப் பேசியதில்லை. கலாவதிக்குப் பிள்ளை இல்லை. தம்பி கிருஷாந்தை லண்டனுக்குக் கூப்பிட்டு, படிப்பித்து, பிரியந்தியைக் கல்யாணமும் கட்டி வைத்தவள் அவள். அந்த நன்றிக்காகப் பிரியந்தி எதைத்தான் விட்டுக்கொடுக்கவில்லை? பிள்ளை கலாவதியின் அறையில்தான் தூங்கியது. பிள்ளைக்குப் பெயர் வைத்தது, முதல் சோறு ஊட்டியது, எல்லாம் கலாவதிதான். பிரியந்தி ஷிப்ட் முடிந்து வந்து, தூங்கும் பிள்ளையை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவாள்.

இந்தப் பயணத்தையும் அவள் விட்டுக்கொடுத்திருந்தாள். பிள்ளையின் நேர்த்திக்காக வேல்ஸில் உள்ள முருகன் கோயிலுக்குப் போகிறார்கள். வண்டியில் பெல்ட் உள்ள இருக்கைகள் நான்குதான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பின் இருக்கையில் இருந்தால் ஐந்து பேரும் போகலாம் என்றாள் கலாவதி. அந்த ஒன்றில் மட்டும் பிரியந்தி அசையவில்லை. பிள்ளையின் சீற் ஒரு பெல்ட்டில் பூட்டியே ஆக வேண்டும் என்றாள். "அப்ப வீட்டில ஆர் நிக்கிறது?" என்று கேட்டார்கள். "நான் நிக்கிறன்," என்றாள். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஓடும் வீடென்றாலும் வீடுதானே? பால் காய்ச்சாமல் குடிபுகலாமா? சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகுகாலம். அதற்கு முன் வண்டிக்குள் பால் பொங்கி, கற்பூரம் காட்டி, வெளிக்கிட வேண்டும். வண்டிச் சில்லுகளுக்கு அடியில் வைத்து நசிக்கத் தேசிக்காய் தயாராக இருந்தது. நித்திரையில் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் வண்டியின் கீழ்க்கட்டிலில் கிடத்தினாள் கலாவதி. வீட்டில் மிளகாய் வறுக்கும்போது செய்வதுபோலவே, வண்டிக்குள்ளும் காஸ் அலாரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டாள். நல்ல நேரத்தில் அது கத்தித் துலைக்கக் கூடாதாம்.

"நானும் வந்து நிக்கட்டோ மச்சாள்?"

"இடியப்பத்தை ஆர் அவிக்கிறது? நீ குசினியைப் பார்!"

பிரியந்தி குசினியைப் பார்த்தாள்.  யன்னலால் வண்டியின் மூடிய கதவு மட்டும்தான் தெரிந்தது.

எட்டரைக்கு எல்லோரும் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். பிள்ளை மட்டும் வரவில்லை.

"ஆரபி எங்கை?"

"அவள் நல்ல நித்திரை. குழப்பாதே! குளிர் வராமல் கதவைச் சாத்திப்போட்டு வந்தனாங்கள்." கிருஷாந் இடியப்பத் தட்டை இழுத்துக்கொண்டான்.

பிரியந்தி வாசலுக்கு நடந்தாள். "சொதி எங்கை?" என்று கலாவதி கேட்டாள். திரும்பிவந்து சொதியை ஊற்றினாள். அந்த இரண்டு நிமிடத்துக்காக அவள் பின்பு எத்தனை நாள் அழுதிருப்பாள்!

கலாவதி நாலு வாய் சாப்பிட்டுவிட்டுக் கற்பூரத் தட்டை எடுக்கச் சாமியறைக்குப் போனாள். பத்மநாதன் சொதியை உறிஞ்சியபடி தொடங்கினார்.

"பிள்ளை, நீர் பாக்கேல்லையே! பால் எண்டால் அப்பிடிப் பால்! வடக்குப் பக்கமாப் பொங்கி, அடுப்பெல்லாம் வழிஞ்சு, நெருப்பே நூந்துபோச்சு!"

பிரியந்தியின் கையிலிருந்த அகப்பை நின்றது.

"நூந்துபோச்சோ? அணைஞ்சே போச்சோ? அப்ப... காஸைப் பூட்டி நிப்பாட்டினது ஆர் அண்ணை?"

"ஏன் பூட்டுவான்? அதுதான் தானா நூந்திட்டுதே!"

ஒரு கணம் அவளுக்கு எதுவுமே கேட்கவில்லை. திறந்தபடி கிடக்கும் காஸ்... துவாய் அடைத்த ஓட்டைகள்... சாத்திய கதவு... கீழ்க்கட்டிலில் பிள்ளை! யன்னலைப் பார்த்தாள். கலாவதி, எரியும் கற்பூரத் தட்டைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு, வண்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

பிரியந்தி ஓடினாள். கதிரை விழுந்தது, சொதிச் சட்டி விழுந்தது, அவள் திரும்பவில்லை. கலாவதியின் ஒரு கால் வண்டிப் படியில். ஒரு கை கதவுப் பிடியில். பிரியந்தி முழு வேகத்தில் பாய்ந்து அந்தத் தட்டைத் தட்டிவிட்டாள். தட்டு பறந்துபோய் எதிர்மூலையில், நனைந்த புல்லில் விழுந்தது. ஏறி மிதித்தாள். வெறுங்காலால், கற்பூரம் கருகி அணையும்வரை மிதித்தாள்.

"அய்யோ... சாமித் தட்டைக் காலால மிதிக்கிறாளே! பாவி! நீ போகேல்லை எண்ட வயித்தெரிச்சலிலயோ இப்பிடிச் செய்தனி? என்ர பிள்ளை நல்லா இருக்கக் கூடாதெண்டோ?"

கிருஷாந் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து முறுக்கினான். "விசரே உனக்கு? அக்காவிட்டை மன்னிப்புக் கேள்! இப்பவே கேள்!"

"கையை விடுங்கோ... காஸ்! உள்ளுக்கை காஸ்! பிள்ளை உள்ளுக்கை!"

கையைப் பிடுங்கிக்கொண்டு கதவைத் திறந்தாள். அழுகின வெங்காயம் மாதிரியான நாற்றம் முகத்தில் அடித்தது. கிருஷாந் அப்படியே நின்றுவிட்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறினாள். அடுப்பைப் பூட்டினாள். கீழ்க்கட்டிலில் ஆரபி வாயைப் பிளந்தபடி கிடந்தாள். தூக்கியதும் தலை தொங்கியது. எப்படி இறங்கினாள், எப்படித் தெருவுக்கு வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. எதிர்வீட்டு மதிலடியில் உட்கார்ந்து பிள்ளையைக் குலுக்கினாள்.

"ஆரபி... அம்மா வந்திட்டனடி... கண்ணைத் திற... கண்ணைத் திறவடி!"

பிள்ளை அசையவில்லை.  கலாவதி வீட்டு வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு ஆரபி ஒருமுறை விக்கினாள், தாயின் நெஞ்சில் வாந்தி எடுத்தாள், வீரிட்டு அழுதாள். அந்த அழுகையைப்போல ஒரு சத்தத்தைப் பிரியந்தி பிறகு எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை.

பத்மநாதன் அவசர சேவைக்கு ஃபோன் எடுத்தார். தீயணைப்புப் படை வந்து தெருவின் இரண்டு பக்கத்தையும் மறித்தது. அம்புலன்ஸ்காரர் பிள்ளையைப் பரிசோதித்து, பயமில்லை, ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்றார்கள். மோட்டார்ஹோமுக்குள்ளிருந்து இறங்கிய உயரமான தீயணைப்புப் பெண் அதிகாரி, தரை ஓட்டைகளில் இருந்து இழுத்த மூன்று துவாய்களையும், அலாரத்தில் கட்டியிருந்த பையையும் புல்லில் வைத்தாள். நெருப்பு அணைந்தால் காஸை நிறுத்தும் பூட்டும் அந்தப் பழைய அடுப்பில் தேய்ந்து போயிருந்ததாம். ஒரு சுவாலை படியேறியிருந்தால் வண்டியோடு வீட்டின் முன்பக்கமும் போயிருக்கும் என்று அவள் அமைதியாகச் சொன்னாள். இதை அடைத்தது யார் என்று கேட்டாள்.

 கிருஷாந் மனைவியிடம் வந்து தலைகுனிந்து நின்றான்.

"ஏன் பிரியந்தி... முதலே சொல்லியிருக்கலாமே..."

"சொன்னனான்." அவள் குரல் உயரவில்லை. "இரவும் சொன்னனான், காலமையும் சொன்னனான். நீங்களும் அங்கைதான் நிண்டனீங்கள். இந்த வீட்டில என்ர வாய் அசையுறதுதான் எல்லாருக்கும் தெரியும். சத்தம் கேக்கிறேல்லை."

 

கலாவதிதான் முன்னால் வந்தாள். "நான்தான் அடைச்சனான்," என்று அதிகாரியிடம் தமிழிலேயே சொன்னாள். பிறகு தெருவில், எல்லோரும் பார்க்க, தலையில் அடித்துக்கொண்டு கதறினாள். "என்ர கையாலயே கொள்ளி வைக்கப் பாத்தனே... நீ பெத்ததை நான் பறிச்சு வைச்சிருந்து, கடைசியில கொல்லவும் பாத்தனே... பிரியந்தி, நீ காலைச் சுட்டுக்கொண்டு நிக்கேக்கை உன்னைப் பாவி எண்டு சொன்ன வாயடி இது!"

மாமி கலாவதியின் அழுகையைக் கண்டு ஆரபியும் கையை நீட்டி அழுதாள். மற்ற நாளென்றால் கலாவதி பாய்ந்து பிடுங்கியிருப்பாள். இன்று ஓரடி தள்ளி நின்றாள். நீட்டிய சின்னக் கைக்கும் அவள் கைக்கும் இடையில் ஒரு சாண்தான்.

"பிரியந்தி... பிள்ளையைத் தொடட்டோ?"

ஏழு வருடத்தில் அந்தக் குடும்பத்தில் ஒருவர் பிரியந்தியிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. கொஞ்சம் நகர்ந்து, மதிலடியில் இடம் விட்டாள்.

"இருங்கோ மச்சாள்... பக்கத்தில இருங்கோ. ஆனா பிள்ளை என்ர மடியில இருக்கட்டும்."

"ஓம்," என்றாள் கலாவதி. தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் பாதத்தை மட்டும் மெல்லப் பிடித்துக்கொண்டாள்.