பிணை இருக்கை

அனுமதி அறையில் அன்று இருந்தவர்கள்: கோலாலம்பூர் போகவிருந்த விமானத்தின் கேப்டன் பொன்னரசு. அவர் மனைவியும் பிணையாளுமான சுகிர்தா. துணை விமானி தன்யா. அவளுக்குப் பிணையாளாக வந்திருந்த அவள் அப்பா; மனிதர் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். கருவியை இயக்கும் முகைதீன். மூலையில், யாரும் திரும்பிப் பார்க்க விரும்பாத இடத்தில், ரெஜினா. சுவரில் பற்றுமானி. அதையும் ஆட்களோடு சேர்த்துக் கணக்கில் எழுத வேண்டும் என்று விதி.

முகைதீன் கேப்டனின் மணிக்கட்டில் பட்டையைக் கட்டினான். சுகிர்தா எதிரே உட்கார்ந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். நாடி, கண்மணி, தோலின் ஈரம் எல்லாவற்றையும் படித்துவிட்டு, எதிரில் இருப்பவர் மேல் விமானிக்கு எவ்வளவு பற்று என்று கருவி நூற்றுக்கு ஓர் எண் சொல்லும். அறுபது வந்தால் பறக்கலாம். பிணையாள் முதல் வரிசையில் பிணை இருக்கையில் உட்கார்ந்து கூடவே பறக்க வேண்டும். அவ்வளவு பிரியமான ஆளைக் கூட வைத்துக்கொண்டு யாரும் விமானத்தைக் கவிழ்க்க மாட்டார்கள் என்பதுதான் அதைக் கண்டுபிடித்தவர்களின் கணக்கு.

பொன்னரசுவுக்கு எப்போதும் அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று. தப்பிப் பிழைத்த மார்க்கு என்று சுகிர்தாவே கேலி செய்வாள்.

இன்று தொண்ணூற்று மூன்று காட்டியது.

"என்ன சார், இன்னைக்குக் கல்யாண நாளா?" என்றாள் தன்யா.

"மெஷின் சூடாயிருச்சு போல," என்றான் முகைதீன். பட்டையைத் தட்டிப் பார்த்து மறுபடி அளந்தான். அதே எண். "மேடம், இந்த ரூமுல இதுவரைக்கும் யாருக்கும் இவ்வளவு வந்ததில்ல. பார்ட்டி எப்போ?"

பொன்னரசு சிரித்தார். வெட்கப்பட்டதுபோல்கூட இருந்தது. சுகிர்தாவும் சிரித்தாள். பிறகு மூலையில் ரெஜினாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் சிரிக்கவில்லை.

ஆறு வருடங்களுக்கு முன் ரெஜினாவின் கணவர் கேப்டன் ஜோவின், ஆட்கள் நிறைந்த ஒரு விமானத்தை வேண்டுமென்றே கடலில் இறக்கிச் செத்தார். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. விசாரணைக் குழு ஒரு வருடம் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் காரணம் தெரியவில்லை என்று எழுதியது. ஊரார் எறிந்த கல்லில் ரெஜினாவின் வீட்டு ஜன்னல்களில் கண்ணாடி மிஞ்சவில்லை. ஜோவினோடு முன்பு பறந்த விமானிகள் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள். ஒருவன் உம்மென்று இருந்தாலும் பயம், அதிகம் பேசினாலும் பயம். பயிற்சிப் பள்ளிக் காலத்திலிருந்தே ஜோவினின் நண்பரான பொன்னரசு, விசாரணையில் "கடைசியாகப் பார்த்தபோது அவன் சாதாரணமாகத்தான் இருந்தான்" என்று ஒரு வாக்கியம் சொன்னார். அதன்பின் வீட்டில் அந்தப் பெயரையே எடுத்ததில்லை. அடுத்த வருடம் பற்றுமானி வந்தது. சுகிர்தா கல்லூரியில் வேதியியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அதை விட்டுவிட்டுப் பிணை இருக்கைக்கு வந்தாள்.

ரெஜினாவுக்கு நிறுவனம் வேலை கொடுத்தது. அறுபதுக்குக் கீழே போன விமானிகளை, அந்த விமானம் கிளம்பும்வரை தங்கல் அறையில் பூட்டி வைப்பார்கள். கூடவே உட்கார்ந்திருப்பதுதான் அவள் வேலை. இரக்கத்தால் கொடுத்த வேலை இல்லை. அவள் முகத்தைப் பார்த்தாலே விமானிகளுக்குப் புத்தி வரும் என்று யாரோ மேலதிகாரி நினைத்திருந்தார்.

சுகிர்தா தண்ணீர் பிடிக்கப் போனபோது ரெஜினா பக்கத்தில் வந்து நின்றாள்.

"காலையில எப்படி இருந்தாரு?"

"நல்லாத்தான் இருந்தாரு அக்கா. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

"சும்மா கேக்குற மூஞ்சியா இது?"

ரெஜினா குரலைத் தாழ்த்தினாள். "ஜோவின் அன்னைக்கு எனக்கு மாதுளம்பழம் உரிச்சு வச்சுட்டுப் போனாரு. கேட் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து என் தலையில கை வச்சாரு. பதினோரு வருஷத்துல அப்படிச் செஞ்சதே இல்ல. அன்னைக்கு இந்த மெஷின் இருந்திருந்தா நூறு காட்டியிருக்கும், சுகி."

சுகிர்தாவின் கையிலிருந்த டம்ளர் நிரம்பி வழிந்தது.

"நான் சொல்றத ரொம்ப எடுத்துக்காத. எனக்கு எல்லார் மேலயும் சந்தேகம். போன மாசம் ஒரு பையன் பாட்டு முணுமுணுத்தான்னு நாள் பூரா அவன் மேலயே கண்ணு வச்சிருந்தேன். அவன் கல்யாணம் பேசி முடிச்சிருந்தான்."

சுகிர்தாவுக்குக் காலை நினைவுக்கு வந்தது. இரண்டு வருடமாக ஒழுகிய குழாயைப் பொன்னரசு விடிந்ததும் சரிசெய்தார். காரில் வரும்போது, கேட்காமலே, "உன் வேலைய விட வச்சிருக்கக் கூடாது சுகி. மனசுல வச்சுக்காத," என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில்தான். இப்போது அதே வார்த்தைகள் வேறு மாதிரிக் கேட்டன. மனைவி மேல் பிரியமாக இருந்ததற்காக ஒருவரைச் சந்தேகப்படுவதா? பற்றுமானி பிரியத்தைத்தான் அளந்தது. வாழும் ஆசையை அது அளப்பதாக யார் சொன்னார்கள்? பிரியம் இருந்தால் விட்டுவிட்டுப் போக மனம் வராது, சரி. கூட்டிக்கொண்டு போக மனம் வராது என்று என்ன நிச்சயம்?

அவள் நேராக அவரிடம் போய் உட்கார்ந்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"சாகணும்னு நினைக்கிறீங்களா?"

பொன்னரசு தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"என்ன கேள்வி இது?"

"ஆமா, இல்லன்னு சொல்லுங்க."

"ரெண்டு நாளா மனசு லேசா இருக்கு. ஏன்னு தெரியல. அதுக்கு முன்னாடி ரொம்ப நாள் நல்லா இல்ல. உன்கிட்டச் சொல்லல."

"இது என் கேள்விக்குப் பதில் இல்ல."

"எனக்கே தெரியல சுகி," என்றார். சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்தார். இளம்சூடான, அவசரமில்லாத கை. கல்யாணமான புதிதில் அப்படித்தான் பிடிப்பார்.

அந்தக் கை பயத்தைக் கொடுத்ததா ஆறுதலைக் கொடுத்ததா என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

வெளியே பயணிகளை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். அவள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். பேசாமல் போய்ப் பிணை இருக்கையில் உட்காரலாம். அல்லது அவரோடு பறக்க அச்சமாக இருக்கிறது என்று அதிகாரிகளிடம் தெரிவிக்கலாம். தெரிவித்தால் உரிமம் அன்றோடு போகும், எல்லா விமான நிலையங்களிலும் பெயர் ஏறும், அவரும் ஜோவின் கணக்கில் சேர்வார். மூன்றாவதாக ஒன்று இருந்தது. எண் அறுபதுக்குக் கீழே இறங்கினால் குடும்பச் சண்டை என்று எழுதுவார்கள். வாரத்துக்கு நாலைந்து பேருக்கு நடப்பது. இரண்டு நாள் கழித்து மறுபடி அளப்பார்கள். யாருக்கும் எந்தக் கறையும் இல்லை. இரண்டு நாளில் ஒரு நல்ல மருத்துவரைப் பார்க்கலாம்.

"முகைதீன், இன்னொரு தடவை அளந்துடுங்க."

"எதுக்கு மேடம்? இதுக்கு மேல போனா மெஷின் வெடிச்சிரும்."

"பிணையாள் கேட்டா அளக்கணும். விதி இருக்கில்ல?"

முகைதீன் தோளைக் குலுக்கிவிட்டுப் பட்டையைக் கட்டினான். தொண்ணூற்று நான்கு. பொன்னரசு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அந்த எண்ணைப் பார்க்காமல் பேசினாள்.

"ஜோவின் போன அன்னைக்குக் காலையில உங்களுக்குப் போன் பண்ணாரு. நீங்க குளிச்சிட்டு இருந்தீங்க. நான்தான் கட் பண்ணேன்."

எண் எண்பத்தாறானது.

"திரும்பவும் அடிச்சாரு. சைலன்ட்ல போட்டேன். அப்புறம் அழிச்சுட்டேன். அவரோட புலம்பலக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு."

அப்படி ஒரு அழைப்பு வந்ததே இல்லை. அந்த நிமிடம்தான் அவள் அதை இட்டுக்கட்டினாள். ஜோவின் ஏன் தன்னைக் கூப்பிடவில்லை என்பது பொன்னரசுவை ஆறு வருடமாக அரித்துக்கொண்டிருந்தது என்று அவர் சொல்லாமலே அவளுக்குத் தெரியும். அங்கேதான் குத்த வேண்டும் என்று குத்தினாள்.

எழுபது. நாற்பத்தொன்று. இருபத்திரண்டு.

"ரெண்டு தடவையா?" என்றார் பொன்னரசு.

"ரெண்டு தடவை."

அவர் கத்தவில்லை. பட்டையைத் தானே கழற்றி மேசை மேல் வைத்தார். பற்றுமானி பற்று போதாது என்று அறிவித்தது. முகைதீன் மாற்றுக் கேப்டனை அழைத்தான். தன்யா அப்பாவை எழுப்பிக்கொண்டு வெளியே போனாள். போகும்போது சுகிர்தாவைப் பார்த்த பார்வையில் அருவருப்பு இருந்தது. அது நியாயம்தான்.

பொன்னரசு தங்கல் அறைக்குள் நடந்தார். ரெஜினா பின்னால் போக வேண்டும். அவள் சுகிர்தாவுக்கு எதிரே வந்து நின்றாள். அடிப்பாள் என்று சுகிர்தா நினைத்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது.

"எத்தனை மணிக்கு அடிச்சாரு?"

"அக்கா..."

"சொல்லு. எத்தனை மணிக்கு?"

"ஏழு இருக்கும்."

"ஏழு. கார்ல போயிட்டிருந்திருப்பாரு." ரெஜினாவின் வாய் கோணியது. அழுகை மாதிரித் தொடங்கி வேறு எதுவாகவோ ஆனது. "யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லத் தோணலையே, என்ன மனுஷன்டான்னு ஆறு வருஷமா திட்டிட்டு இருக்கேன். பொணமாக்கூடக் கிடைக்காத ஆளத் தினம் திட்டுறேன். அப்போ கூப்பிட்டுப் பார்த்திருக்காரு. ரெண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்காரு."

சுகிர்தா வாயைத் திறந்தாள். சொல்ல, பொய் என்ற ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. உள்ளே அவர் காதில் விழுந்தால் எண் மறுபடி ஏறும், அவர் பறக்கப் போய்விடுவார்.

"உன்னை இனிமே என் வீட்டுப் பக்கம் பார்க்கக் கூடாது," என்றாள் ரெஜினா. "ஆனா சொன்னியே. அது வரைக்கும் நல்லது." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆறு வருடத்தில் முதன்முறையாக அவள் தோள்கள் கொஞ்சம் இறங்கியிருந்தன.

இரண்டு நாள் கழித்து, மருத்துவரைப் பார்த்த பிறகு, எல்லாம் பொய் என்று கணவரிடம் சொல்லிவிடுவதுதான் சுகிர்தாவின் திட்டம். அவரிடம் சொன்னால் அது ரெஜினாவுக்கும் போகும். போய், ஜோவினை மறுபடி யாரையும் கூப்பிடாத ஆளாக்கும். சொல்லாவிட்டால் தன் கணவருக்குத் தான் யார்? காலையில் அவர் சரிசெய்த குழாய், விடைபெறுவதாக இல்லாமல், வெறும் குழாயாகவே இருந்திருக்கலாம். அதையும் இனி யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

ரெஜினாவின் பின்னாலேயே அவளும் உள்ளே நுழையப் போனாள். வாசலில் இருந்த சிறிய திரை அவள் மணிக்கட்டில் இருந்த பிணையாள் அடையாளத்தைப் படித்துச் சிவந்தது.

"சாருக்கு உங்க மேல இப்போ இருபத்திரண்டுதான், உள்ள விடாது மேடம்," என்றான் முகைதீன், அவளைப் பார்க்காமல். "சொந்தக்காரங்களுக்கு மட்டும்தான். அறுபது இருந்தாத்தான் மெஷினுக்குச் சொந்தம்."

உள்ளே பொன்னரசு குனிந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ரெஜினா ஒரு நாற்காலியை இழுத்து அவர் முழங்காலை ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "ஏழு மணிக்கு, அரசு," என்று ஏதோ சொல்லத் தொடங்கினாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். கதவு அவர்களுக்குப் பின்னால் மூடிப் பூட்டிக்கொண்டது.